டிரை வெயிட்

குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரி, மாடிப்படிக்குப் பக்கத்து அறை.
நாலு மெஷின். மூன்று ஓடும்.
நான் டெக்னீஷியன், இரண்டு வருடப் படிப்பு.
முதலில் திருத்திக்கொண்டிருந்தேன்:
"டாக்டரம்மா இல்லைங்க."
இப்போது திருத்துவதில்லை.
அப்படிக் கூப்பிட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

நிஜ டாக்டர் வேலூரிலிருந்து வியாழக்கிழமை வருவார்,
எல்லா வியாழனும் இல்லை.
மெஷினைப் பார்க்க மாட்டார்.
முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி
குழி நிரம்பும்வரை காத்திருப்பார்.
கழுத்து நரம்பைத் தலைசாய்த்துப் பார்ப்பார்,
சுவரில் பல்லி எங்கே போனது என்று தேடுகிறவர்போல.
பிறகு கேட்பார்: "ராத்திரி எத்தனை தலையணை?"

நாகபூஷணம், எழுபத்து நாலு,
பேர்ணாம்பட்டு ரூட்டில் கண்டக்டராக இருந்தவர்.
"மூணு சார். மூணாவது சம்சாரத்தோடது."
டாக்டர் சீட்டில் ஐம்பத்திரண்டை அடித்து
ஐம்பதரை என்று எழுதினார்.
ஒரு பேனாக் கோடு, அவ்வளவுதான்.
மறுவாரம் நாகபூஷணம் சொன்னார்:
"தலையணையைத் திருப்பிக் கொடுத்தாச்சும்மா."

சிரசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம்
டாக்டர் மாற்றலாகிப் போனார்.
வேறு ஆள் வருவார் என்றார்கள்.

கலீலுல்லா பாய் எடை மெஷினில் ஏறுமுன்
செருப்பு, தொப்பி, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றுவார்,
லுங்கிமேல் கட்டிய பச்சை பெல்ட்டைத் தவிர.
அந்த பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையை
ஆனி மாதம் பார்த்தேன்.
ஆடியில் இன்னொன்று.
டயாலிசிஸ் முடிந்து ஏறினால் ஐம்பத்தெட்டு.
சீட்டில் இருப்பதும் ஐம்பத்தெட்டு.
கணக்கு சரி.
சரியாக இருந்ததுதான் எனக்குப் பயம்.
சதை காலி செய்த இடத்தில்
தண்ணீர் குடியேறிவிட்டிருந்தது,
கௌண்டன்ய ஆற்றில் வெறும் மணல் கிடந்த அந்த மாதங்களில்.

எனக்குத் தெரிந்தது.
அடித்து எழுத அதிகாரம் இல்லை.
தப்பாக இறக்கினால் பிரஷர் விழும்,
அறுபத்தொன்பது வயது இதயம் தாங்காது.
அதுவும் தெரிந்ததுதான்.
ட்யூட்டி டாக்டர், சின்னப் பையன், பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்தவன்,
"நெஃப்ரோவைக் கேக்காம எப்படிக்கா தொடுவேன்" என்றான்.
நியாயம்.
வேலூருக்குப் போன் போட்டேன், மூன்று நம்பர்.
ஒன்றில் காலர் ட்யூன் மட்டும்
கடைசிவரை கேட்டது.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவே இரண்டு வெற்று நாள்.
திங்கள் ராத்திரி
படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே
"ஜன்னலைத் திற, ஜன்னலைத் திற" என்றாராம்.
திறந்துதான் இருந்தது என்றாள் மருமகள் பர்கத்துன்னிசா.
பெல்ட்டைப் பற்றி
அவளிடம் நான் சொல்லவில்லை.

பழைய ரெஜிஸ்டரை எடுத்து,
டாக்டர் வந்த மாதங்கள், வராத மாதங்கள் என்று கோடிழுத்து,
அறுபது தாண்டியவர்களில் யார் யார் இல்லை என்று எண்ணினேன்.
சின்ன எண்கள்.
இவ்வளவு சின்ன எண்களை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.
டாக்டரே இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.
மறுபடி எண்ணினேன்.

நேற்று ஒரு படிவம் வந்தது.
அனுமதிக்கப்பட்ட பணியிடம்: ஒன்று.
நிரப்பப்பட்டது: இல்லை.
கடைசிக் கட்டம், குறிப்புரை, ஒரு விரல் அகலம்.
'இரண்டு ஓட்டை' என்று எழுதிவிட்டு
வைட்னர் பூசி, ஊதிக் காயவைத்து, அனுப்பினேன்.

காலை ஆறரை.
"உள்ள போ, உள்ள போ" என்று தனக்கே சொல்லிக்கொண்டு
நாகபூஷணம் எடை மெஷினில் ஏறுகிறார்.
"எவ்வளவு, டாக்டரம்மா?"
சொல்கிறேன்.
சொல்லிவிட்டுக் குனிந்து, அவர் காலில்
என் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறேன்.
குழி விழுகிறது.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.